தினமும் அதே எண்ணில் நிற்கும் அழைப்புகள்: ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் சர்வர்களில் திரெட், சாக்கெட் வரம்புகளைச் சரிசெய்வது எப்படி?

ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் மாதிரி இணையத் தொலைபேசி மென்பொருள் ஓடும் சர்வர் திணறுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனையாவது அழைப்பில் திணறுகிறது என்றுதான். ஒரு நாள் 140, மறுநாள் 95, அடுத்த நாள் 170 என்று மாறிக்கொண்டே இருந்தால் அது சுமை. சிபியூ, டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று வரிசையாகத் தேட வேண்டியதுதான். தினமும் ஒரே எண்ணை ஒட்டி நின்றால் அது சுமை இல்லை, வரம்பு. எங்கேயோ ஒரு ஃபைலில் யாரோ எழுதி வைத்த எண் இடிக்கிறது.

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கால் சென்டரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று டீம். பெரும்பாலும் கடன் தவணை நினைவூட்டும் அழைப்புகள். அதனால் மாதத்தின் முதல் வாரம் எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். காலை பத்து மணிக்கு டயலர், அதாவது எண்களைத் தானாகவே கூப்பிடும் நிரல், ஓட ஆரம்பித்ததும் ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த வாணியம்பாடிப் பையன் ஒருநாள் அப்படித்தான் ஓடிவந்தான்.

“அக்கா, சிபியூ 30 பெர்சென்ட் கூட இல்ல. மெமரி பாதி காலியா கெடக்கு. ஆனா புது கால் எதுவுமே போக மாட்டேங்குது.”

“இப்போ எத்தனை ஓடுது?”

“87.”

“நேத்து எத்தனைல நின்னுச்சு?”

“நேத்தும் 86, 87 தான்க்கா.”

“அப்போ சிபியூவை விடு தம்பி. ஃபைல் லிமிட்டைப் பாரு.”

சில எண்களைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். 30, 60 என்று நின்றால் சர்வரைத் தொடவே வேண்டாம்; பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி லைன் ஒன்றுக்கு 30 சேனல்தான். சிப் (அழைப்பை அமைக்கும் இணைய நெறிமுறை) வழியாக வரும் டிரங்க் என்றால் ஒப்பந்தத்தில் எத்தனை சேனல் என்று பார்க்க வேண்டும். 50இல் நின்றால், குரலைச் சுமக்கும் ஆர்டிபி போர்ட்டுகளை யாரோ 10000 முதல் 10200 வரை என்று குறுக்கியிருக்க வாய்ப்புண்டு. அழைப்பின் ஒரு முனைக்குப் போகும் கிளைதான் லெக். ஒரு லெக்குக்கு ஆர்டிபி ஒன்று, அதன் கணக்கைச் சொல்லும் ஆர்டிசிபி ஒன்று; ஓர் அழைப்புக்கு இரண்டு லெக், ஆக நான்கு போர்ட். ஃப்ரீஸ்விட்ச் 500இல் நின்றால் அதன் மேக்ஸ்-செஷன்ஸ் அமைப்பு. வரும்போதே 1000 என்று இருக்கும், ஒரு லெக் ஒரு செஷன். 80க்கும் 120க்கும் நடுவில் எங்கேயாவது நின்றால் பெரும்பாலும் 1024.

1024 எங்கிருந்து வருகிறது

லினக்ஸில் ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸின் மையமான கர்னல் தரும் எண்) திறந்து வைக்கலாம் என்பதற்கு இரண்டு வரம்பு உண்டு: சாஃப்ட், ஹார்டு. சாஃப்ட் வரம்பு பல வருடங்களாக 1024தான். செலெக்ட் என்ற பழைய சிஸ்டம் காலை நம்பி எழுதிய நிரல்கள் 1024க்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் தடுமாறும் என்பதால் அதை இன்றும் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை), ரெக்கார்டிங் ஃபைல், பைப், டைமர் எல்லாமே இந்த ஒரே கணக்கில்தான் வரும்.

உங்கள் சர்வரில் ஓர் அழைப்பு எத்தனை தின்கிறது என்று ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். சர்வர் சும்மா இருக்கும்போது, ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் டைரக்டரிக்குள் ஆஸ்டெரிஸ்க்கின் ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி என்ற டைரக்டரி. அங்கே எத்தனை பதிவு இருக்கிறது என்று எல்எஸ், டபிள்யூசி கட்டளைகளைப் போட்டு எண்ணுங்கள். பத்து அழைப்பு போட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் வேலை முடிந்தது. எங்கள் பெட்டியில் சும்மா இருக்கும்போது 60. ஒவ்வொரு லெக்குக்கும் ஆர்டிபி, ஆர்டிசிபி, சேனலை எழுப்ப ஒன்று, டைமர் ஒன்று, அதன் மேல் ரெக்கார்டிங், ஏஜிஐ ஸ்கிரிப்ட் (அழைப்பை நடத்தும் வெளி நிரல்) என்று சேர்ந்து ஓர் அழைப்புக்கு 11. 1024இல் 60ஐக் கழித்து 11ஆல் வகுத்தால் 87. பையன் சொன்ன எண் அப்படியே வந்துவிட்டது.

பிரவுசரிலிருந்தே பேச உதவும் வெப்ஆர்டிசி இருந்தால் இன்னொரு கணக்கு. பிரவுசரில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டும் ஒரு டிசிபி இணைப்பை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருப்பார். 2020க்குப் பிறகு எங்கள் ஆட்கள் பாதிப்பேர் ஓசூர், கிருஷ்ணகிரி என்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். 300 பேர் லாகின் செய்தால் முதல் அழைப்பு போவதற்கு முன்பே 300 டிஸ்கிரிப்டர் காலி. இணைப்பைப் பிடித்து வைக்காத யூடிபி போன்களை வைத்துப் போட்ட பழைய கணக்கை இங்கே நம்பக் கூடாது.

டிஸ்கிரிப்டர் தீர்ந்துபோனால் சர்வர் ஒரேயடியாக விழுந்தால்கூடப் பரவாயில்லை, அப்படி விழாது. அரைகுறையாக வேலை செய்யும். ஓர் அழைப்புக்கு ஆர்டிபி சாக்கெட் கிடைத்திருக்கும், ரெக்கார்டிங் ஃபைல் திறந்திருக்காது. இன்னொன்றில் முதல் லெக் வந்துவிடும், இரண்டாவது கிளம்பாது. லாக்கில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று கொட்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஆஸ்டெரிஸ்க் கன்சோலை இணைத்தால் அதுவும் இணையாது, ஏனென்றால் அந்த இணைப்பை ஏற்கவும் ஒரு டிஸ்கிரிப்டர் வேண்டும். அந்த நேரத்தில் நம்பக்கூடிய ஒரே இடம் ப்ராக் டைரக்டரிதான்.

எந்த ஃபைலில் மாற்றுவது

நிறையப் பேர் லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலில் நட்சத்திரக் குறி போட்டு எண்ணை ஏற்றிவிட்டு, ரீபூட் செய்துவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஃபைல் பாம் (பிஏஎம்) என்ற லாகின் சரிபார்ப்பு வழியாக வருபவர்களுக்கு. சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸ் அந்தப் பக்கமே போகாது. லாகின் செய்து, வரம்பைக் காட்டும் யூலிமிட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் புது எண் அழகாகத் தெரியும். அது உங்கள் ஷெல்லின் வரம்பு, ஆஸ்டெரிஸ்க்குடையது அல்ல.

சரியான வழி: சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையோடு சர்வீஸின் பெயரைக் கொடுத்தால் ஓவர்ரைடு ஃபைல் ஒன்று திறக்கும். சர்வீஸ் என்ற பகுதியில் லிமிட்நோஃபைல் = 16384 என்று ஒரு வரி. பேக்கேஜ் அப்கிரேடு ஆனாலும் இந்த ஃபைல் அழியாது. ரீஸ்டார்ட் செய்ததும் ப்ராக்கில் அந்த ப்ராசஸின் லிமிட்ஸ் ஃபைலைத் திறந்து ‘மேக்ஸ் ஓப்பன் ஃபைல்ஸ்’ வரியைக் கண்ணால் பாருங்கள். அங்கே தெரிவதுதான் உண்மை. ஆஸ்டெரிஸ்க் என்றால் ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் ஃபைலில் மேக்ஸ்ஃபைல்ஸ் என்று ஓர் அமைப்பும் உண்டு. அங்கே பழைய சின்ன எண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பத்து மணிக்கு 87 அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் செய்ய டீம் லீடர்கள் விடுவார்களா? அதற்குத்தான் பிஆர்லிமிட். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணையும் புது நோஃபைல் வரம்பையும் கொடுத்தால் அந்த நொடியே மாறும், ஒரு அழைப்பும் அறுபடாது. பையனை அதைத்தான் செய்யச் சொன்னேன். ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும், அதனால் மாலையில் ஓவர்ரைடிலும் எழுத வேண்டும்.

எவ்வளவு வைப்பது? 300 அழைப்புக்கு 3300, ஏஜென்ட்டுகளுக்கு 300, அடிப்படைக்கு 60, சேர்த்தால் 3660. இரண்டு மடங்கு வைத்தாலே 8192க்குள் வந்துவிடும். 16384 தாராளம். ஃப்ரீஸ்விட்ச் ஆவணத்தில் 999999 என்று இருக்கும். அதுவும் வேலை செய்யும், ஏனென்றால் கர்னலின் என்ஆர்_ஓப்பன் வரம்பு 1048576இல் தொடங்குகிறது. ஆனால் ‘இன்ஃபினிட்டி’ என்று போடாதீர்கள். ஃபோர்க் செய்யும்போது, அதாவது புது ப்ராசஸைக் கிளப்பும்போது, எல்லா டிஸ்கிரிப்டரையும் ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டு வரும் நிரல்கள் உண்டு. கண்டெய்னருக்குள் அந்த வரம்பு நூறு கோடியைத் தாண்டி நின்றால் அவை மூடிமூடியே நேரத்தைக் கழிக்கும்.

திரெட்டுகள்

ஒரு ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடுதான் திரெட். ஃப்ரீஸ்விட்ச்சில் ஒரு லெக்குக்கு ஒரு திரெட். ஆஸ்டெரிஸ்க்கிலும் ஏறத்தாழ அப்படித்தான். மிக்ஸ்மானிட்டர் ரெக்கார்டிங் வைத்தால் அதற்குத் தனியாக ஒன்று. சிப் செய்திகளை மட்டும் கையாளும் கமாயிலியோ சர்வர் திரெட் பக்கம் போகாது, தனித்தனி ப்ராசஸ்களாக ஓடும். அங்கே பார்க்க வேண்டியது சில்ட்ரன் (துணை ப்ராசஸ்கள்) எண்ணும், 2048இல் தொடங்கும் டிசிபி இணைப்பு வரம்பும்.

300 அழைப்புக்கு ஆயிரம் திரெட் கிட்ட வரும். இதைத் தடுப்பது மூன்று இடம். யூலிமிட்டின் யூசர் ப்ராசஸ் வரம்பு: பெயரில் ப்ராசஸ் என்றிருந்தாலும் திரெட்டையும் சேர்த்தே எண்ணும். சிஸ்டம்டியின் டாஸ்க்ஸ்மேக்ஸ்: சிஸ்டம் வரம்பில் 15 சதவீதம் என்று வைத்திருப்பார்கள், பிஐடி (ப்ராசஸ் எண்) வரம்பு 32768 ஆக இருக்கும் பெட்டியில் அது 4915. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டால் டாஸ்க்ஸ் என்ற வரியில் இப்போதைய எண்ணும் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். மூன்றாவது, கண்டெய்னராக இருந்தால் அதன் பிஐடி வரம்பு. இடித்தால் டிமெசேஜ் என்ற கர்னல் லாக்கில் ‘ஃபோர்க் ரிஜெக்டட் பை பிட்ஸ் கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி விழும். அதைத் தேடினால் போதும்.

ஒரு திரெட்டுக்கு ஸ்டாக் 8 எம்பி, ஆயிரம் திரெட்டுக்கு 8 ஜிபி, எங்கள் சர்வரில் 4 ஜிபிதானே என்று பயப்படுபவர்கள் உண்டு. அது முகவரி இடம் மட்டும். தொட்ட பக்கங்களுக்குத்தான் ரேம் போகும். போதாததற்கு ஆஸ்டெரிஸ்க் 64 பிட்டில் தன் திரெட்டுகளுக்கு அரை எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகவே கேட்கிறது. ஃப்ரீஸ்விட்ச் 240 கேபி; ஸ்டாக் பெரிதாக இருந்தால் அதுவே தொடக்கத்தில் எச்சரிக்கும்.

நிஜமாகவே தலைவலி தருவது, ஆஸ்டெரிஸ்க்கில் சிப்பைக் கையாளும் பிஜேசிப்பின் திரெட்பூல், அதாவது வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் திரெட் கூட்டம். பிஜேசிப்.கான்ஃப் ஃபைலின் சிஸ்டம் பகுதியில் திரெட்பூல்_மேக்ஸ்_சைஸ் 50. லாக்கில் டாஸ்க் ப்ராசஸர் வரிசை 500ஐத் தொட்டது என்று எச்சரிக்கை வந்தவுடன் இதை 200 ஆக்கு, 400 ஆக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 50 திரெட்டும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும். ஒரு கேள்விக்கு 2 நொடி ஆனால் 50 திரெட்டால் நொடிக்கு 25 வேலைதான் முடியும். 20 மில்லிநொடியில் பதில் வந்தால் அதே 50 திரெட் 2500 முடிக்கும். திரெட்டை 200 ஆக்கினால் மெதுவான டேட்டாபேஸை இன்னும் 150 பேர் மொய்ப்பார்கள், அவ்வளவே. மைஎஸ்க்யூஎல்லின் இணைப்பு வரம்பு 151இல் தொடங்குகிறது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இன்னும் மோசம், ஆஸ்டெரிஸ்க்கை டேட்டாபேஸோடு இணைக்கும் ரெஸ்_ஓடிபிசி.கான்ஃப். அதில் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் எழுதாமல் விட்டால் 1. ஐம்பது திரெட்டும் ஒரே இணைப்புக்காக வரிசையில் நிற்கும்! அதை 20 ஆக்குங்கள், டேட்டாபேஸில் தேவையான இன்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் கோர் ஷோ டாஸ்க்ப்ராசஸர்ஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். வரிசை இறங்கியிருந்தால் திரெட்பூலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சாக்கெட் பஃபர்: பெரிதாக்கினால் போதுமா?

வரம்புகளிலேயே அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இதுதான் என்பேன். யூடிபியில் சிப் செய்திகள் எல்லாம் 5060 என்ற ஒரே சாக்கெட்டில் வந்து விழுகின்றன. நிரல் எடுத்துப் படிக்கும் வரை கர்னல் அவற்றைப் பஃபரில் வைத்திருக்கும். பஃபர் நிறைந்தால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். நிரலின் லாக்கில் ஒரு எழுத்துக்கூட இருக்காது. என்ஸ்டாட் கட்டளையில் யூடிபி ஆர்சிவிபஃப்-எரர்ஸ் எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்எஸ் கட்டளையில் யூடிபி, மெமரி விவரங்களைக் கேட்டால் எந்த சாக்கெட்டில் எத்தனை விழுந்தது என்பது டி என்ற எழுத்தின் பக்கத்தில் தெரியும். ரிசீவ்-க்யூ என்ற எண் இந்த நொடியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும்.

பஃபரின் தொடக்க அளவு ஆர்மெம்_டிஃபால்ட், உச்ச அளவு ஆர்மெம்_மேக்ஸ்; பெரும்பாலான லினக்ஸில் இரண்டும் 212992 பைட். கர்னல் செய்தியின் நீளத்தை மட்டும் எண்ணாது, அதைத் தாங்கும் நினைவகம் முழுவதையும் எண்ணும். ஆயிரம் பைட் செய்தி இரண்டாயிரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே பஃபரில் நூறு செய்திக்குச் சற்று முன்பின் கொள்ளும். காலை பத்து மணிக்கு டயலர் ஒரே மூச்சில் தள்ளும்போது நூறு என்பது ஒன்றுமே இல்லை. ஏற்றத்தான் வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். 16777216 என்ற எண்ணை எங்கேயிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள். 16 எம்பி, ஏழாயிரம் செய்தி கொள்ளும். உங்கள் சர்வர் நொடிக்கு 400 செய்தி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த பஃபரின் கடைசியில் நிற்கும் செய்திக்கு முறை வர 17, 18 நொடி. இதற்குள் மறுமுனை என்ன செய்திருக்கும்? 2002இல் வந்த சிப் தரமான ஆர்எஃப்சி 3261 படி, யூடிபியில் அனுப்பிய இன்வைட்டுக்கு (அழைப்பைத் தொடங்கும் செய்தி) அரை நொடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு நொடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி இரட்டித்துப் போகும். 32 நொடிக்குள் ஒரே இன்வைட் ஏழு தடவை வரும். வரிசையில் நிற்பதில் பெரும்பங்கு ஏற்கெனவே நிற்பவற்றின் நகல்கள். சர்வர் மும்முரமாக வேலை செய்யும், ஆனால் எப்போதோ கைவிடப்பட்ட அழைப்புகளுக்கு. பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலுக்கு முன்னால் சாலையை நீட்டினால் கூடுதல் வண்டி நிற்கும், சிக்னல் வேகமாக விழாது.

அதனால் என் கணக்கு இது: நொடிக்கு முடிக்கும் செய்திகள், அதில் அரை நொடிக்கு உரியது, அதை 2300 பைட்டால் பெருக்குங்கள். 400 என்றால் 200 செய்தி, 460 கேபி. 1 எம்பி வைத்தால் திடீர்க் கூட்டத்தையும் தாங்கும், செத்த செய்திகளையும் சேர்த்து வைக்காது. ஆஸ்டெரிஸ்க்கின் சிப் சாக்கெட் பஃபர் அளவைத் தானாகக் கேட்பதில்லை, அதனால் டிஃபால்ட்டையும் ஏற்ற வேண்டும். கமாயிலியோ மேக்ஸ்பஃபர் என்ற தன் அமைப்பைக் கொண்டு கேட்கும். அங்கே ஆர்மெம்_மேக்ஸ் தடையாக இல்லாமல் இருந்தால் போதும்.

குரல் செல்லும் ஆர்டிபி சாக்கெட்டுக்குப் பெரிய பஃபர் தேவையே இல்லை. ஜி.711 என்ற குரல் வடிவத்தில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. 100 பாக்கெட் தேங்கினாலே இரண்டு நொடி தாமதம். முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சீராக்கும் ஜிட்டர் பஃபர் அந்தக் குரலை எடுத்துக்கொள்ளாது. குரல் உடைந்தால் பஃபரைப் பார்க்காமல் நெட்வொர்க் கார்டின் பக்கம் போங்கள். 500 அழைப்பு என்றால் ஆயிரம் லெக், உள்ளே நொடிக்கு 50,000 பாக்கெட், வெளியே அதே அளவு. ப்ராக்கில் நெட் டைரக்டரியின் சாஃப்ட்நெட்_ஸ்டாட் ஃபைலில், ஒவ்வொரு வரியின் இரண்டாவது எண் ஏறினால் அந்த சிபியூ பாக்கெட்டுகளைத் தவறவிடுகிறது. 1000இல் இருக்கும் நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லாக்கை ஏற்றலாம், வேலையைப் பல சிபியூக்களுக்குப் பிரித்துவிடுவது இன்னும் நல்லது.

போர்ட், கான்ட்ராக்

ஆஸ்டெரிஸ்க் மாதிரி ஃபைலில் ஆர்டிபி 10000 முதல் 20000 வரை. 2500 அழைப்புக்குப் போதும். ஃபயர்வாலில் திறந்த வரம்பும் ஆர்டிபி.கான்ஃப் வரம்பும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபயர்வால் குறைவாக இருந்தால் அழைப்பு இணையும், சத்தம் வராது, அதுவும் எல்லாவற்றிலும் அல்ல, கண்டுபிடிக்க நாளாகும்.

வெளியே போகும் இணைப்புகளுக்கான ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்சை 1024 முதல் 65535 வரை விரிக்கச் சொல்லும் ஆலோசனையை இந்த சர்வரில் கேட்காதீர்கள். வெளியே போகும் ஏதோ ஒரு டிசிபி இணைப்பு மேனேஜர் இடைமுகத்தின் 5038ஐயோ டிஎல்எஸ்ஸின் 5061ஐயோ எடுத்துக்கொள்ளும். ஆஸ்டெரிஸ்க் ரீஸ்டார்ட் ஆகும்போது மேனேஜர் இடைமுகமோ டிஎல்எஸ்ஸோ ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று எழாமல் நிற்கும். 32768 முதல் 60999 வரை என்ற ஆரம்ப வரம்பு போதுமானது.

ஃபயர்வாலுக்காக இணைப்புகளைக் குறித்து வைக்கும் கான்ட்ராக் ஓடும் பெட்டியில் ஓர் அழைப்புக்கு நான்கு பதிவு. அழைப்பு முடிந்த பிறகும் கர்னல் பதிப்பைப் பொறுத்து 2, 3 நிமிடம் பதிவு அப்படியே இருக்கும். டயலரின் அழைப்புகளில் பாதி சில நொடியில் முடிந்துவிடுபவை என்பதால் ஓடும் அழைப்புகளைவிடப் பதிவுகள் பல மடங்கு இருக்கும். ஆர்டிபி வரம்பை நோட்ராக் செய்வது, அதாவது பதிவே போடாமல் விடுவது, என் விருப்பம். முடியாவிட்டால் கான்ட்ராக்கின் மேக்ஸ் எண்ணை ஏற்றுங்கள்.

மேலே ஒரு மூடி

இத்தனை வரம்புகளை ஏற்றிய பிறகு, எல்லாவற்றுக்கும் கீழே நீங்களே ஒரு வரம்பு வையுங்கள். ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் ஃபைலில் மேக்ஸ்கால்ஸ், ஃப்ரீஸ்விட்ச்சில் மேக்ஸ்-செஷன்ஸும், 30இல் தொடங்கும் செஷன்ஸ்-பெர்-செகண்டும். கர்னல் மறுத்தால் அழைப்பு பாதியில் தொங்கும். சர்வரே மறுத்தால் 503 (இப்போது முடியாது) என்று ஒழுங்காகப் பதில் போகும், டயலர் அந்த எண்ணை அடுத்த சர்வருக்கு அனுப்பும் அல்லது பிறகு கூப்பிடும்.

அந்த எண்ணைச் சோதனை செய்துதான் வைக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு, வேறொரு மெஷினிலிருந்து, சோதனை அழைப்புகளை உருவாக்கும் சிப்பி கருவியை ஓட்டுங்கள். டிரங்க்கைத் தொடாமல் சர்வருக்குள்ளேயே முடியும் ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு விடுங்கள், இல்லையென்றால் பில் வரும். நொடிக்கு 5 அழைப்பு, ஒவ்வொன்றும் 60 நொடி என்றால் 300இல் நிலைக்கும். ஆர் என்ற ஆப்ஷன் வேகம், எல் உச்சவரம்பு, டி மில்லிநொடியில் நீளம். சும்மா சிக்னலிங் மட்டும் ஓட்டினால் பாதிச் சோதனைதான். பீகேப் (பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்த ஃபைல்) வைத்துக் குரலையும் அனுப்புங்கள், ரெக்கார்டிங்கையும் போடுங்கள். ஒரு ஜன்னலில் எஃப்டி எண்ணிக்கை, இன்னொன்றில் டாஸ்க்ஸ் வரி, மூன்றாவதில் ஆர்சிவிபஃப்-எரர்ஸ். 50, 50ஆக ஏற்றிக்கொண்டே போய் மூன்றில் ஏதாவது ஒன்று நெளியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதில் முக்கால் பங்கை மேக்ஸ்கால்ஸில் எழுதுங்கள். புது ஏஜிஐ ஸ்கிரிப்ட் சேர்த்தாலோ, ஓஎஸ் மாற்றினாலோ அந்த 11 என்ற எண்ணை மறுபடி எண்ண வேண்டும். சிஸ்டம்டி 240க்குப் பிறகு ஹார்டு வரம்பு 524288 ஆகிவிட்டது, ஆனால் சாஃப்ட் இன்னும் 1024தான். புது டிஸ்ட்ரோ போட்டதால் சரியாகியிருக்கும் என்று விட்டுவிடாமல் லிமிட்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.